விதவை மகளைக் காணவில்லை

இந்த வாரமும் கணினி விஷயம்தான். "கோயில் கதை எழுதும், பழைய ஆபீஸ் கதை எழுதும், இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுக்குவே நமக்கு?" என்று நண்பர் ஒருவர் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வைத்தே கேட்டுவிட்டார். இதில் பென்ஷன் இருக்கிறது, பேங்க் இருக்கிறது, நவம்பர் மாதம் இருக்கிறது. அவருக்கும் வேண்டிய விஷயம்தான்.

முதலில் டெம்ப்ளேட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, கட்டுக் கட்டாக அலமாரியில் அடுக்கி வைப்போமே, அந்தப் படிவம்தான். "திரு / திருமதி" என்று போட்டு ஒரு கோடு, "நாள்" என்று போட்டு இன்னொரு கோடு. கணினியில் கோட்டுக்குப் பதிலாக ஒரு குறி இருக்கும். நாம் பொத்தானை அழுத்தியதும் நிரல் அலமாரிக்குப் போகும், படிவத்தை எடுக்கும், குறி இருக்கும் இடங்களில் பெயரையும் தேதியையும் நிரப்பித் திரையில் காட்டும். அவ்வளவுதான். நாம் கையால் செய்ததை அது கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறது.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் செயலியை லாராவெல் என்ற ஃபிரேம்வொர்க்கில் எழுதியிருக்கிறார்கள். ஃபிரேம்வொர்க் என்றால், எந்தச் செயலிக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் தொகுப்பு. லாராவெல் 2011-இல் வந்தது. அமெரிக்காவின் டெய்லர் ஓட்வெல் எழுதியது. அதற்கு அடியில் இருக்கும் பி.எச்.பி. மொழி இன்னும் பழையது, 1995. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி வைத்திருந்த கருவிகள் அவை. அதனால்தான் அதற்குப் "பெர்சனல் ஹோம் பேஜ்" என்று பெயர் வைத்தார். இன்று உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட தளங்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன. சொந்த வீட்டுக்கு வெட்டிய கிணற்றில் ஊரே தண்ணீர் இறைக்கிறது.

லாராவெலில் படிவத்துக்கு "வியூ" என்று பெயர். எல்லா வியூக்களும் ஒரே கோப்புறைக்குள் இருக்கும். அதற்குள் நமக்கு வேண்டிய உள்ளறைகளை வைத்துக்கொள்ளலாம். எங்கள் செயலியில் "லெட்டர்ஸ்" என்று ஓர் உள்ளறை. நிரலில் "லெட்டர்ஸ் புள்ளி செல்ஃப்" என்று கேட்டால், அது லெட்டர்ஸ் அறைக்குள் போய் செல்ஃப் என்ற கோப்பைத் தேடி எடுக்கும். அலமாரி, தட்டு, கட்டு. தேடும் முறையும் நம் ரெக்கார்டு ரூம் முறைதான்: எந்த எந்த அலமாரியில் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும், வரிசையாகப் பார்க்கும், முதலில் கிடைத்ததை எடுக்கும். எதிலும் இல்லையென்றால் கையை விரித்துவிடும். அந்தக் கையை விரிப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். மத்திய அரசு ஓய்வூதியர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். 2014-இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரல் ரேகை வைத்தும் கொடுக்கிறோம். ஆனால் ரேகை தேய்ந்த விரல்கள் எங்கள் சங்கத்தில் நிறைய. அதுவும் போக, பேங்க்குக்கு ஒரு கவரிங் லெட்டர் கொடுத்து, நகலில் சீல் வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினால்தான் நம் ஆட்களுக்குத் தூக்கம் வரும். அந்த லெட்டரை ஒவ்வொருவரும் டைப் அடிக்க அலைய வேண்டாம் என்றுதான் செயலியில் ஓர் ஏற்பாடு. உறுப்பினர் எண்ணைப் போட்டு, வகையைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தினால் கடிதம் வந்துவிடும். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆரம்பத்தில் இரண்டே வகை. தானே பென்ஷன் வாங்குகிறவர். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி அல்லது கணவர். இரண்டு வகை, இரண்டு படிவம். மூன்று வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு பொதுக்குழுவில் ஒரு கோரிக்கை வந்தது. குடும்ப ஓய்வூதியம் மனைவியோடு முடிந்துவிடுவதில்லை. மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ போகும். 25 வயதைக் கடந்த விதவை மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும் 2004-இலிருந்து உண்டு. அவர்கள் கொடுக்க வேண்டிய உறுதிமொழிகளும் வேறு; மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுத வேண்டும், காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும், இப்படி. நியாயமான கோரிக்கை. செயலாளர் அன்று மாலையே நிர்வாகப் பக்கத்துக்குள் போய் வகைப் பட்டியலில் புதிய வகைகளைச் சேர்த்தார். பட்டியலில் சேர்த்தால் போதும் என்றுதான் செயலியை எழுதிக் கொடுத்த கம்பெனி அவரிடம் சொல்லியிருந்தது.

சேர்த்ததும் தேர்வுப் பட்டியலில் அவை அழகாக வந்து உட்கார்ந்தன. படிவம் மட்டும் எழுதப்படவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரலில் படிவத்தின் பெயரை முழுதாக எழுதி வைத்திருந்தால், அது இல்லாவிட்டால் எழுதிய ஆளுக்கே முதல் முறை ஓட்டும்போது தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. "லெட்டர்ஸ் புள்ளி" என்பதோடு வகையின் பெயரை அந்த நேரத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். சுருக்கமான வழிதான், புத்திசாலித்தனமான வழியும்கூட. ஆனால் அந்த வகை ஆள் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும் வரை, படிவம் இல்லை என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. முதலில் தெரிந்துகொள்கிறவர் யார் என்றால், அது யாருக்காகவோ அவரே.

நவம்பர் இரண்டாம் வாரம், ராத்திரி எட்டரை மணிக்கு எனக்குப் போன். சமாதானபுரத்தில் இருந்து ஒரு அம்மா. அவரது அப்பா எங்கள் டிபார்ட்மெண்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கணவரையும் இழந்த மகள் என்ற வகையில் இவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதை வாங்குவதற்கு இவர் இரண்டு வருஷம் நடந்தார். சான்றிதழ் மேல் சான்றிதழ். எனக்குத் தெரியும், அந்த ஃபைலில் பாதி என் கையெழுத்தில்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, என்னைக் காணலைன்னு வருது."

"எங்க வருதும்மா?"

"பேரன்தான் கம்ப்யூட்டர்ல போட்டான். இங்கிலீஷ்ல என்னமோ வருது. விடோட் டாட்டர் நாட் ஃபவுண்ட்னு வாசிக்கான். விதவை மகளைக் காணலைன்னு அர்த்தமாம். என் பேரை எடுத்துட்டாங்களா அண்ணாச்சி?"

திரையில் வந்தது என்ன என்று பிறகு பார்த்தேன். "வியூ" என்று போட்டு, சதுர அடைப்புக்குள் "லெட்டர்ஸ் புள்ளி விடோட் டாட்டர்", பிறகு "நாட் ஃபவுண்ட்". லாராவெல் சொன்னது, அந்தப் பெயரில் படிவம் இல்லை என்று. நிரல் எழுதுகிறவனுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை எட்டாம் வகுப்புப் பையன் வாசித்து, அவன் பாட்டி கேட்டால் என்ன அர்த்தம் வருமோ அதுதான் வந்தது. இரண்டு வருஷம் அலைந்து, தான் விதவை மகள் என்று அரசாங்கத்திடம் நிரூபித்த ஒருத்தியிடம், அப்படி ஒரு ஆளைக் காணவில்லை என்று கணினி சொல்லிவிட்டது.

அவருக்கு அன்று ராத்திரி நான் சொன்ன சமாதானம் ஒன்றும் ஏறவில்லை. "நீங்க சொல்லுதீக, ஆனா அதுல அப்படிப் போட்டிருக்கே" என்றார். மறுநாள் காலையில் பேங்க் திறக்குமுன் வாசலில் போய் நின்று, பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்த பிறகுதான் மனம் அடங்கியது என்று சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இப்படிப் பிழையின் உள்விவரம் எல்லாம் திரையில் வருவது நிரல் எழுதும் காலத்துக்கான வசதி. செயலியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். ரகசியங்களும் அதில் வெளியே வரலாம். கம்பெனி அணைக்கவில்லை. அணைத்திருந்தால் "500, சர்வர் எரர்" என்று மொட்டையாக வந்திருக்கும். அந்த அம்மாவுக்கு அதுவும் புரிந்திருக்காது. பயமாவது கொஞ்சம் குறைந்திருக்கும்.

கம்பெனிக்குச் சொன்னோம். மறுநாள் சாயங்காலமே "சரி பண்ணியாச்சு சார்" என்று பதில். போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே பிழை வரவில்லை. எந்த வகையை அழுத்தினாலும் கடிதம் வந்தது. செயலாளருக்கு ஒரே சந்தோஷம்.

என்ன செய்திருந்தார்கள் என்றால்: லாராவெலில் ஒரு வசதி உண்டு. ஒரே படிவத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு பட்டியல் கொடுக்கலாம். வரிசையில் எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். கம்பெனி இரண்டு பெயர் கொடுத்தது. முதலாவது, அந்த வகைக்கான படிவம். அது இல்லையென்றால் இரண்டாவதாக, பொதுப் படிவம். பொதுப் படிவம் எது? இருப்பதிலேயே பழையது, செல்ஃப். தானே பென்ஷன் வாங்குகிறவருடையது.

எங்கள் உறுப்பினர் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் பணியில் இருந்தவருடையது. பென்ஷன் ஆணை எண் அவர் பெயரில்தானே இருக்கிறது. இப்போது வாங்குகிறவர் பெயர் வேறு பத்தியில் இருக்கும். செல்ஃப் படிவம் முதல் பெயரைத்தான் எடுக்கும்.

ஒன்பது நாள் கழித்து அதே அம்மா சங்க ஆபீஸுக்கு நேரில் வந்தார். கையில் பிரிண்ட் எடுத்த தாள். என் மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

கடிதத்தில் அவரது அப்பா பெயர். கீழே, "மேற்படி ஓய்வூதியராகிய நான் இன்றைய தேதியில் உயிருடன் இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன் அடியில் மறுபடியும் அப்பா பெயர்.

"அப்பா போயி இருபத்தாறு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. வாசிச்சதும் ஒரு நிமிஷம் என்னமோ போல ஆயிட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று என்னிடம் கொண்டுவந்துவிட்டார். புத்திசாலி.

எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. செயலியில் யார் எப்போது எந்தக் கடிதம் எடுத்தார்கள் என்று குறிப்பு இருக்கும். எண்ணிப் பார்த்தோம். அந்த ஒன்பது நாளில் பதினொரு பேர் இப்படிச் செத்தவர் உயிருடன் இருப்பதாகச் சொல்லும் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். பத்துப் பேரைப் போன் போட்டுப் பிடித்துவிட்டோம். ஒருவர் ஏற்கெனவே பேங்க்கில் கொடுத்துவிட்டார். அவர் மாற்றுத்திறனாளித் தம்பிக்குக் காப்பாளர். பொத்தானை அழுத்தினார், கடிதம் வந்தது, சங்கத்துக் கடிதம்தானே என்று வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கவுண்ட்டரில் இருந்த அதிகாரி வாசித்தார். அவரிடம் இருக்கும் பதிவில் தகப்பனார் இறந்தவர். கடிதத்தில் உயிருடன் இருக்கிறார். விளக்கம் கேட்டு நிறுத்தி வைத்தார். அவர் மேல் தப்பே கிடையாது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சங்கம் விளக்கக் கடிதம் கொடுத்து எல்லாம் சரியாகி, டிசம்பர் பென்ஷன் ஜனவரியில்தான் வந்தது. அந்த வீட்டில் மருந்துச் செலவே அந்தப் பணத்தில்தான்.

முதல் பிழையை எல்லாரும் திட்டினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் யோக்கியமான பிழை. "என்னிடம் இல்லை" என்று உரக்கச் சொன்னது. ஒருத்தரைப் பயமுறுத்தியது உண்மை. ஆனால் யாரையும் பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட வைக்கவில்லை. இரண்டாவதாகச் செய்தது வாயை மூடிக்கொண்டு கையில் கிடைத்த படிவத்தைக் கொடுக்கும் வேலை. எங்கள் ஆபீஸில் எழுபதுகளில் ஒரு தஃப்தரி இருந்தார். "ஜி.பி.எஃப். அட்வான்ஸ் ஃபாரம் இல்லை, ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் ஃபாரம் இருக்கு, அதுல எழுதுங்க" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். இல்லை என்றால் இல்லை. இண்டென்ட் போட்டிருக்கு, வியாழக்கிழமை வா என்பார். அது ஒரு மரியாதை.

ஜனவரியில் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. என் தம்பி மகள் இந்தத் துறையில் இருப்பவள்; பெங்களூரில் வேலை, பொங்கலுக்கு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஒரே ஒரு வரிதான் பெரியப்பா" என்றாள்.

உண்மையிலேயே ஒரு வரிதான். வியூ, எக்ஸிஸ்ட்ஸ், படிவத்தின் பெயர். இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் லாராவெலின் மூல நிரலையே திறந்து காட்டினாள். மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வழக்கம்போல அலமாரிகளில் தேடிப் பார்க்கிறது; கையை விரிக்கும் நிலை வந்தால், கூச்சல் போடாமல் "இல்லை" என்று திருப்பிச் சொல்கிறது. தேடல் ஒன்றேதான், சத்தம்தான் வேறு.

"அப்போ அந்த ஒரு வரியைப் போட்டுட்டா முடிஞ்சுதா?"

"வரியைப் போடுறது ஈஸி. இல்லைன்னு பதில் வந்தா நீங்க என்ன பண்ணப் போறீங்க, அதைச் சொல்லுங்க. அது கம்ப்யூட்டர் முடிவு பண்ற விஷயம் இல்ல."

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அதைத்தான் பேசினோம். செயலியில் படிவங்கள் பலவிதம். முகப்புப் பக்கத்தின் ஓரத்தில் அந்தந்த வட்டாரக் கிளையின் அறிவிப்புத் துண்டு ஒன்று வரும். ஒரு கிளைக்கு அறிவிப்பு இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை. பிளேடில் "இன்க்ளூட் இஃப்" என்று எழுதினால் இருந்தால் சேர்க்கும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். அங்கே அது சரி. பிறந்தநாள் வாழ்த்துக்குத் தனிப் படிவம் இல்லையென்றால் பொது வாழ்த்து போதும். அங்கே பட்டியல் முறையும் சரி. ஆனால் ஒருவர் கையெழுத்துப் போட்டு இன்னொரு இடத்தில் கொடுக்கப்போகும் தாளில் மாற்றுப் படிவம் என்ற பேச்சே கூடாது. அந்த வகைக்கான படிவம், இல்லையென்றால் கடிதமே கிடையாது.

கிடையாது என்பதை எப்படிச் சொல்வது என்பதற்கு நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். இப்போது திரையில் வருவது இது: "உங்கள் வகைக்கான கடிதத்தைச் சங்கம் இன்னும் தயாரிக்கவில்லை. உங்கள் பெயர் பதிவில் இருக்கிறது. இதனால் உங்கள் ஓய்வூதியம் நிற்காது. இந்த எண்ணுக்குப் பேசுங்கள், கையால் எழுதித் தருகிறோம்." பெரிய எழுத்தில், தமிழில். இரண்டாவது வாக்கியம் அந்தச் சமாதானபுரத்து அம்மாவுக்காகச் சேர்த்தது. அவரிடமே வாசித்துக் காட்டினேன். "இதைப் போட்டிருந்தா நான் அன்னைக்கி தூங்கியிருப்பேனே" என்றார். அதே நேரத்தில் சங்க ஆபீஸுக்கும் ஒரு தகவல் போய்விடும், இன்ன வகைக்குப் படிவம் கேட்டு வந்தார்கள் என்று.

அடுத்து அவள் ஒன்று சொன்னாள். ஆள் வந்து கவுண்ட்டரில் நின்ற பிறகா அலமாரியைத் திறந்து பார்ப்பீர்கள்? சரியான கேள்வி. தஃப்தரி திங்கட்கிழமை காலையில் பார்த்துவிடுவார். எனவே தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. வகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் அதே "எக்ஸிஸ்ட்ஸ்" கேள்வியைக் கேட்டு, இல்லாதவற்றைச் சிவப்பில் போட்டு எனக்கு அனுப்புகிறது. செயலாளர் புதிய வகையைச் சேர்க்கும் பக்கத்திலும் அதே கேள்வி. படிவம் இல்லையென்றால் வகை பதிவாகும், ஆனால் உறுப்பினர் பார்க்கும் பட்டியலில் "தயாராகிறது" என்ற குறிப்போடுதான் வரும்.

இதற்குள் வேறு சில வேடிக்கைகளும் நடந்தன. பழைய கம்பெனி போகிற போக்கில் விதவை மகள் படிவத்தை எழுதித்தான் வைத்திருந்தது. "எங்க சிஸ்டத்துல வருதே சார்" என்று சத்தியம் செய்தார்கள். அங்கே வந்தது, சர்வரில் வரவில்லை. காரணம் ஒரே எழுத்து. கோப்பின் பெயரில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தார்கள். அவர்கள் மேஜையில் இருந்தது விண்டோஸ். அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காமல் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக் கொடுத்துவிடும். சர்வரில் இருப்பது லினக்ஸ்; அங்கே இரண்டும் இரண்டு வேறு கோப்புகள். ஆகவே "இருக்கிறதா?" என்ற கேள்வியை எங்கே நின்று கேட்கிறோம் என்பது முக்கியம். நம் வீட்டு அலமாரியில் இருப்பது ஆபீஸ் அலமாரியில் இருப்பதாக ஆகாது.

இன்னொன்று: கோப்பு இருக்கிறது என்று மட்டும்தான் அந்த ஒரு வரி சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. காலிக் கோப்பை வைத்தாலும் ஆம் என்றே சொல்லும், திரையில் வெள்ளைத் தாள் வரும். அதனால் காலை நிரலில் இன்னொரு வேலையும் சேர்த்திருக்கிறாள். ஒரு கற்பனை உறுப்பினரை வைத்து ஒவ்வொரு கடிதத்தையும் நிஜமாகவே நிரப்பிப் பார்த்து, வாங்குகிறவர் பெயர் அதில் வந்திருக்கிறதா என்று தேடுகிறது.

வகையை நேரடியாக முகவரியிலிருந்து எடுத்துப் படிவத்தின் பெயரோடு ஒட்டக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, முகவரியில் ஒரு சொல்லை மாற்றித் தட்டிக் காட்டினாள். அதே லெட்டர்ஸ் அறையில்தான் எங்கள் இரங்கல் கடிதப் படிவமும் இருக்கிறது. திரையில் எங்கள் பொருளாளர் பெயரில், அன்னாரது மறைவுக்குச் சங்கம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறது என்று கடிதம் வந்து நின்றது. பொருளாளர் பக்கத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார். இருக்கிறதா என்று கேட்டால் அது இருக்கத்தானே செய்கிறது! இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவருக்கு உரியதா என்றும் பார்க்க வேண்டும். இப்போது வகைப் பட்டியலில் உள்ள சொல்லாக இருந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும்.

ஜாங்கோ என்று இன்னொரு ஃபிரேம்வொர்க் இருக்கிறது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை ஆபீஸில் பிறந்தது. அதில் படிவம் கிடைக்காவிட்டால் எந்த எந்த இடத்தில் தேடினேன் என்று வரிசையாகப் பட்டியல் போட்டுக் காட்டுமாம். அந்தப் பட்டியலுக்கு அவர்கள் வைத்திருக்கும் தலைப்பில் "போஸ்ட்மார்ட்டம்" என்ற சொல் இருக்கிறது. இதையும் அவள்தான் காட்டினாள். நல்லவேளை, எங்கள் செயலி அதில் எழுதப்படவில்லை. அந்தச் சொல்லை ஒரு எட்டாம் வகுப்புப் பையன் பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

போன நவம்பர் அமைதியாகப் போனது. விதவை மகள், மாற்றுத்திறனாளி மகன், மகள் எல்லாவற்றுக்கும் படிவம் ஏறிவிட்டது. விவாகரத்தான மகளுக்கு மட்டும் இன்னும் இல்லை. கணினிக் கோளாறு இல்லை. "மணமுறிவு பெற்ற" என்று போடுவதா, "விவாகரத்து பெற்ற" என்று போடுவதா என்று செயலாளருக்கும் பொருளாளருக்கும் நாலு மாதமாக வழக்கு. சங்கத்தில் அந்த வகையில் இரண்டு பேர்தான். இரண்டு பேருமே திரையில் வந்த எண்ணுக்குப் பேசிவிட்டு நேரில் வந்தார்கள். கார்பன் வைத்து நானே எழுதிக் கொடுத்தேன். காலை ஆறு மணித் தகவலில் அந்த ஒரு வரி இன்னும் சிவப்பில்தான் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த செயற்குழு இரண்டாம் சனிக்கிழமை.